கடத்தூர் எக்கோ

அரூர் கடைவீதியில் புளி மண்டி வைத்திருக்கும் தர்மனுக்கு நல்ல சரக்கைக் கண்டால் முகம் சுருங்கிவிடும். சித்தேரி மலையிலிருந்து மூட்டையோடு இறங்கி வருகிறவர்கள் தரையில் கொட்டிக் காட்டியதும், ஒரு சுளையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, எதிர்க்கடை போர்டைப் படித்தபடியே "ஈரமா இருக்குதே" என்பார். புளி சருகாகக் காய்ந்திருக்கும். சரக்கு எவ்வளவு உயர்வோ அவ்வளவு கோணும் அவர் வாய். மட்டமான புளி வந்தால்தான் மனிதர் மனசாரப் புகழ்வார். "அருமையான புளிங்க, அதுக்கேத்த வெலை என்கிட்ட இல்ல" என்று அடுத்த மண்டிக்கு வழியனுப்பி வைப்பார்.

அவர் மகன் நவநீதன் புளி விற்கவில்லை. பெங்களூரில் சவுண்ட் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து, மண்டிக்கு மேலே மாடியில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்தான். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய கோணிச் சாக்கு, அதன்மேல் கறுப்புத் துணி. எத்தனை ஊதுவத்தி கொளுத்தினாலும் கீழேயிருந்து புளி வாசம் ஏறி வரும். பாட வருகிறவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். தொண்டை வறளாமலிருக்க இப்படி ஓர் ஏற்பாடு சென்னையில்கூடக் கிடையாது என்று சொல்லி, அதையும் ஒரு வசதியாக்கி வைத்திருந்தான். கோயில் திருவிழாப் பாட்டு, ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் ஒரே மெட்டில் வேறு வேறு சின்னம். தொழில் ஓடியது. மண்டியில் கற்றது எதையும் கீழேயே விட்டுவிட்டு அவன் மாடியேறவில்லை.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து கோரஸ் பாட வந்த சசிகலா முதல் வரியைப் பாடியதுமே அவனுக்கு உச்சந்தலை சிலிர்த்தது. உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு "பரவால்ல, போலாம்" என்றான். தேறவில்லை என்று நினைத்து அந்தப் பெண் படியிறங்கிப் போய், தர்மபுரி பஸ் வரும்வரை பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டிருந்தாள். அடுத்த வாரம் தர்மன் வெற்றிலை பாக்கோடு அவள் வீட்டு வாசலில் நின்றார். பிடித்த சரக்கை வேறு ஆளை விட்டுக் கேட்பதுதானே மண்டி வழக்கம்.

அதன் பிறகு அவன் ஸ்டுடியோவில் பெண்குரல் என்றால் அவள்தான். இத்தனை வருடத்தில் அவள் பாடி முடித்ததும் அவன் சொன்ன விமர்சனங்கள்: "பரவால்ல." "ஓகே, அடுத்தது." ஒரே ஒருமுறை, ரொம்பவும் உணர்ச்சிவசப்பட்டு, "வெச்சுக்கலாம்."

கடத்தூர்ப் பக்கத்து ஊரொன்றின் மாரியம்மன் கோயில் விழாக் கமிட்டித் தலைவர் கலைமணி, திருவிழாவுக்கு ஆறு பாட்டு போட வேண்டும், சசிகலா அம்மாதான் பாட வேண்டும் என்று கேட்டு வந்தார். முதல் பாட்டு அன்று சாயங்காலமே எல்லார் போனுக்கும் போயாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அன்று பார்த்து அரூரில் மாதாந்திரப் பராமரிப்பு. மாலை வரை கரண்ட் கிடையாது.

"கடத்தூர்ல பிரபாகர் தம்பி ஸ்டுடியோ இருக்குதுங்களே, அங்க போயி இது ஒண்ண மட்டும் பாடிட்டு வந்துரலாமுங்களா?" என்றார் கலைமணி.

நவநீதன் பெருந்தன்மையாகத் தலையசைத்தான். "போய்ட்டு வா சசி. அவன் எடுத்தத சேம்பிளுக்கு வெச்சுக்கலாம். அப்புறம் நாம ஒழுங்கா எடுத்துக்கலாம்."

பிரபாகர் அவனோடு பெங்களூரில் படித்தவன்தான். சாமந்தித் தோட்டக்காரர் மகன். விலை கேட்டால் விலையைச் சொல்லிவிடுகிற குடும்பம். அந்தக் குடும்பத்தில் பிறந்தவன் எப்படித் தொழில் செய்வான் என்று நவநீதனுக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. நவநீதனை அவன் 'மாப்ள' என்பான், சசிகலாவைத் 'தங்கச்சி' என்பான். இரண்டும் முறையாகப் பொருந்தித் தொலைத்ததால் சந்தேகப்படக்கூட இடமில்லாமல் போயிற்று.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் பாட்டும் வந்தது. நவநீதன் வீட்டிலேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, குறை எழுதுவதற்காகப் பேனாவைக் கையில் எடுத்தான்.

'ஏரி நெறஞ்சிருச்சு ஆத்தா, எறங்கி வா...'

அந்த 'வா' முடியவில்லை. இன்னொரு 'வா' அதன் பின்னாலேயே வந்தது, கொஞ்சம் மங்கலாக. அதற்குப் பின்னால் இன்னொன்று, இன்னும் மங்கி, கரை தாண்டிப் போய்விட்டதுபோல. குரலோ பழைய ஒலிநாடாவில் கேட்பதுபோல ஓரமெல்லாம் மழுங்கி, இளஞ்சூடாக இருந்தது. அவசரமே இல்லை. அவன் மனைவியின் குரல்தான். அதை அவன் இப்படிக் கேட்டதில்லை. வயிற்றில் புளி கரைவது என்று ஊரில் சொல்வது எதை என்று, புளி மண்டியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அன்றுதான் விளங்கியது. பேனாவை மூடி வைத்தான்.

"எப்படிங்க இருக்கு?" என்று வாசற்படியில் நின்று கேட்டாள் சசிகலா.

"பரவால்ல," என்றான். "எக்கோ கொஞ்சம் ஓவரு."

அவள் போய் இன்னொருமுறை அதே பாட்டைத் தன் போனில் போட்டுக் கேட்டாள். சமையலறையிலிருந்து 'வா... வா... வா' என்று வந்துகொண்டே இருந்தது.

அந்தச் சத்தம் எதன் சத்தம் என்பது நவநீதனுக்குத் தெரியும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் டேப் எக்கோ என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே ஒரு ஒலிநாடா வளையமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பாடியதை ஒரு முனையில் பதித்து அடுத்தடுத்த முனைகளில் திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் தேயும். அந்தத் தேய்மானத்துக்குத்தான் மயக்கம். இப்போது பெட்டி கிடையாது, அதே வேலையைச் செய்யும் சாப்ட்வேர் பிளகின்கள் வந்துவிட்டன. திரையில் அந்தப் பழைய பெட்டியின் படத்தை அப்படியே வரைந்து வைத்திருப்பார்கள். துருப்பிடித்த திருகாணி, பெயின்ட் உரிந்த மூலை, யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம்கூட. நவநீதன் முதன்முதலில் ஒன்றை அப்பாவிடம் காட்டியபோது தர்மன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பழசுக்குப் புதுப் பெயின்ட் அடிச்சு விக்கறவனப் பாத்திருக்கேன். புதுசுக்குக் கீறல் போட்டு விக்கறவன இப்பத்தான் பாக்கறேன்," என்றார். "பெரிய கை."

அப்படிப்பட்ட பிளகின்கள் நவநீதனிடம் வரிசையாக இருந்தன. சில அவன் வாங்கியவை, சில எப்படியோ வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றாகத் திறந்து, சசிகலா முன்பு பாடிய பாட்டுகளில் மாட்டிப் பார்த்தான். எல்லாவற்றிலும் எக்கோ வந்தது. கடத்தூர் எக்கோ வரவில்லை. அவன் எக்கோ அவள் குரலுக்குப் பின்னால் ஓடியது. கடத்தூரில் இரண்டும் கைகோத்து நடந்தன. பிரபாகர் ஏதோ புதுசாக, விலையுயர்ந்ததாக, அவனுக்குச் சொல்லாமல் வாங்கியிருக்கிறான். அவ்வளவுதான் விஷயம் என்று முடிவுகட்டினான்.

மறுநாள் கலைமணி போன் செய்தார். பாட்டு ஊரெல்லாம் பரவிவிட்டதாம். சசிகலா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"மீதி அஞ்சு பாட்டுங்க அம்மா. கமிட்டில கடத்தூர்லயே எடுக்கலாம்ங்கறாங்க. நான் சொல்லிட்டனுங்க, அம்மா எங்க பாடறேங்கறாங்களோ அங்கதான்னு. நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க."

"யோசிச்சு சொல்றனுங்க," என்றாள் சசிகலா.

யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று நவநீதனுக்குப் புரியவில்லை. புருஷன் ஸ்டுடியோ, வீட்டிலிருந்து இரண்டு தெரு. எதையோ யோசிக்கிறாள் என்பதே அவனுக்குச் சோறு இறங்காமல் செய்தது. ஐந்து பாட்டுக்கான வருமானம் போனால் போகட்டும். ஊரில் யார் குரலை எடுத்துக்கொண்டு அவன் தொழில் செய்தானோ அந்தக் குரல், இன்னொருவன் மைக் முன்னால் நிற்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம் அந்தப் பாட்டைத் திரையில் போட்டு, அலைவரிசை காட்டும் படத்தில் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தவன், மாடியிலிருந்து இரண்டு இரண்டு படியாக இறங்கி வீட்டுக்கு வந்தான்.

"சசி, புடிச்சிட்டேன். பாட்டுக்கு அடியில ஒரு ரீங்காரம் ஓடுது. அறுபதுல ஓடுது."

"அறுபதுன்னா?"

"நம்மூர் கரண்ட்டு செகண்டுக்கு அம்பது தடவ துடிக்கும், அமெரிக்காவுல அறுபது. பழைய மெஷினு இரையற மாதிரி அந்தப் பிளகின்ல ஒரு ரீங்காரத்தச் சேத்து வெச்சிருக்கான். அத நம்மூருக்கு மாத்தாம வுட்டுட்டான் பிரபா. அமெரிக்காக்காரன் கரண்ட்டுல மாரியம்மனக் கூப்பிட்டிருக்கான்."

சசிகலா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள். "அது காதுக்குக் கேக்குதுங்களா?"

"கேக்காது. ஆனா இருக்குது."

"அங்க கரண்ட்டு கட்டாவறதில்லீங்களாம்," என்றாள். "அமெரிக்காவுல."

அதற்குமேல் பொறுக்க முடியாமல், அடுத்த நாள் பைக்கை எடுத்துக்கொண்டு கடத்தூருக்குக் கிளம்பினான். நேராகப் போய் "அது என்ன பிளகின்?" என்று கேட்டிருந்தால் வேலை ஒரு நிமிஷம். ஆனால் வேண்டியதைக் கேட்பது அவன் பிறந்த வீட்டில் இல்லாத பழக்கம். மண்டிக்காரன் மிளகாய் வாங்க வந்தால் முதலில் கொத்தமல்லி விலை கேட்பான்.

பிரபாகரின் ஸ்டுடியோ, டிராக்டர் ஷோரூமுக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. சாமந்திப் பூ கட்டும் நார் ஒரு மூலையில் கிடந்தது. பிரபாகர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"வா மாப்ள. எத்தன நாளாச்சு. தங்கச்சி பாட்டு கேட்டியா? எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமில்ல."

"கேட்டேன், கேட்டேன். நாற்காலி புதுசா?"

"இது அப்பவே வாங்கினது."

"என்னா வெலை?"

பிரபாகர் சொன்னான். நவநீதன் அடுத்து ஏசியின் விலை கேட்டான். மைக் ஸ்டாண்டு, சுவரில் ஒட்டிய பஞ்சு, ஜன்னல் கண்ணாடி, டீ பிளாஸ்க் எல்லாவற்றுக்கும் கேட்டான். கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையான விலை வந்தது. இவன் மட்டும் வியாபாரியாக இருந்தால் ஒரு வாரத்தில் கடையை மூடியிருப்பான் என்று நவநீதன் நினைத்துக்கொண்டான். கம்ப்யூட்டர் திரை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதில் சசிகலாவின் பாட்டு திறந்தே கிடந்தது. நவநீதன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. கண்ணில் ஆசை தெரிந்தால் காரியம் கெட்டது என்று சிறு வயதில் பழகியது. டீ குடித்து, தோட்டத்துச் சாமந்தி விலையையும் விசாரித்துவிட்டு வெளியே வந்தான்.

மொரப்பூர் ரயில்வே கேட்டில் பைக்கை நிறுத்தியபோதுதான் உறைத்தது. பார்க்காதது போலப் பார்த்திருக்க வேண்டும். அவன் உண்மையாகவே பார்க்காமல் வந்துவிட்டான். சரக்கு கண்முன்னால் கொட்டிக் கிடக்க, பிளாஸ்க் விலையை மட்டும் தெரிந்துகொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். கேட் திறந்தும் பின்னாலிருந்த டெம்போக்காரன் ஹார்ன் அடிக்கும்வரை அவன் நகரவில்லை.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவனிடம் சசிகலா காபியைக் கொடுத்தாள்.

"எங்க போய்ட்டு வந்தீங்க?"

"சும்மா. கடத்தூர் பக்கம்."

"அந்த எக்கோ என்னான்னு பாக்கத்தானே?"

"அதெல்லாம் இல்ல. ஒரு நாற்காலி பாக்கப் போனேன்."

சசிகலா போனை எடுத்தாள். அவன் தடுப்பதற்குள் மணி அடித்து, எடுத்தும் விட்டார்கள்.

"அண்ணா, நல்லாருக்கீங்களா? அன்னிக்கு என் பாட்டுக்கு ஒரு எக்கோ போட்டீங்களே, அது பேரென்னாங்கண்ணா? இவரு கேக்கறாரு."

"அட, மாப்ள இப்பத்தான வந்துட்டுப் போச்சு, கேக்கவேயில்லயே? இரும்மா, படம் எடுத்தே அனுப்பறேன், எதெது எவ்ளோ வெச்சேன்னு அதுலயே இருக்கும்."

படம் வந்தது. துருப்பிடித்த திருகாணி, உரிந்த பெயின்ட், டீ கிளாஸ் வட்டம். நவநீதன் அப்பாவுக்குக் காட்டிய அதே பிளகின். அவனிடம் முதல்நாளிலிருந்தே இருப்பது, அதுவும் காசு கொடுத்து வாங்கியது.

அவன் ஸ்டுடியோ மாடிக்கு ஓடினான். படத்தில் உள்ளபடியே ஒவ்வொரு குமிழையும் திருப்பி வைத்தான். அந்த அறுபது ரீங்காரத்தைக்கூட மாற்றாமல் அப்படியே வைத்தான். பழைய பாட்டொன்றில் போட்டுக் கேட்டான். எக்கோ அவள் குரலுக்குப் பின்னால் நாய்க்குட்டிபோல ஓடியது.

"அது வராதுங்க," என்றாள் பின்னாலேயே வந்து நின்ற சசிகலா. "அங்க பாடறப்பவே காதுல குடுத்தாங்க."

"என்னாத்த?"

"எக்கோவ. ஹெட்போன்ல. நான் 'வா'ன்னா அது திருப்பி 'வா'ங்குது. அது முடியட்டும்னு நின்னு, அப்புறமா அடுத்த வரி எடுத்தேன். நீங்க எனக்கு வெறுங்குரல்தான குடுப்பீங்க. எக்கோவெல்லாம் நான் வூட்டுக்குப் போன பொறவு போடுவீங்க. நான் பாடனது எப்பிடி இருக்குன்னு எனக்கே தேர்த்திருவிழாவுல குழாய் ஸ்பீக்கர்ல கேட்டாத்தான் தெரியும்."

"பாடறவங்களுக்கு எக்கோ குடுத்தா தப்பு தெரியாது சசி. எல்லாமே நல்லாருக்கற மாதிரி இருக்கும். அப்புறம் பாடறவங்க தலையில ஏறிக்கும்."

"ஏறட்டுமே," என்றாள்.

மலையிலிருந்து வருகிறவனிடம் "உன் புளி அருமை" என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அவன் அடுத்த முறை சேலத்துக்கே மூட்டையைக் கட்டிவிடுவான். அந்தப் பயத்தைத்தான் தொழில்நுட்பம் என்று பெயர் வைத்து மாடியில் நடத்திக்கொண்டிருந்தான் நவநீதன்.

சசிகலா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "பாருங்க. நாளைக்கு இங்க ஒரு பாட்டு எடுங்க. கடத்தூர்ல குடுத்த மாதிரியே காதுல குடுங்க. நல்லா வந்தா அஞ்சும் இங்கதான். இல்லன்னா அங்க. கலைமணி அண்ணனுக்கு நாளைக்கே சொல்லிடறேன்."

மண்டிக்கு மருமகளாக வந்து இத்தனை வருடத்தில் அவள் பேரம் பேசி அவன் கேட்டதில்லை. நன்றாகவே பேசினாள்.

மறுநாள் காலையில் தர்மன் மூட்டை தூக்குகிறவர்களை டீக்கு அனுப்பிவிட்டு, சத்தம் வராமல் ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறகு மாடியேறி வந்து, நவநீதனுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க எதுக்குப்பா?"

"என் மருமக பாடறா. எதிர்க்கடைக்காரனா பாடறான்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சசிகலா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நவநீதன் எக்கோவை அவள் காதுக்குத் திருப்பிவிட்டான். அவள் சும்மா "ம்" என்றாள். 'ம்... ம்... ம்' என்று திரும்பி வந்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கூச்சமில்லாத சிரிப்பு. வெகுநாள் கழித்து வந்த யாரோ கதவைத் திறந்ததும் தோளைத் தொட்டாற்போல.

பாட ஆரம்பித்தாள். அதே அவசரமின்மை. ஒரு வரியை விட்டாள், அது போய்த் திரும்பி வரும்வரை நின்றாள், வந்ததைக் கேட்டுத் தலையாட்டினாள், அடுத்ததை விட்டாள். கண் மூடியிருந்தது. இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல இருந்தது. இந்த ஸ்டுடியோவில் இதுவரை பாடும்போதெல்லாம் அவள் கண் கண்ணாடி வழியாக அவன் முகத்தின்மேல்தான் இருக்கும். ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பாள். அவனும் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்வான். இன்று அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. கேட்க வேண்டியதைக் காதுக்குள்ளேயே ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

நவநீதனுக்குப் பிரபாகர்மேல் இருந்த எரிச்சல் அந்த நிமிஷம் இடம் மாறியது. திரையில் இருந்த துருப்பிடித்த பெட்டியின் படத்தை முறைத்தான். கம்ப்யூட்டரில் வரைந்த படத்தின்மேல் ஓர் ஆண்பிள்ளைக்குக் காந்தல் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான். அவன் கை தானாகப் போய் அவள் காதுக்குப் போகும் எக்கோவை ஒரு பொட்டு குறைத்தது. கொஞ்சம்தான். அடுத்த வரியில் இன்னொரு பொட்டு.

சசிகலா கண்ணைத் திறந்தாள்.

"கொறச்சீங்களா?"

"இல்லயே."

"அது தள்ளிப் போய்டுச்சு."

"அப்பிடியேதான் இருக்கு. நீ பாடு."

அவள் பாடினாள். அவன் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். சரணத்தில் அவள் குரல் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்று, திரும்பி வரப்போகும் தன் குரலுக்காகக் காத்திருந்தபோது அந்தச் சிரிப்பு மறுபடி வந்தது. கை தொடைக்கடியிலிருந்து வெளியே வந்தது. இந்தத் தடவை பொட்டு அளவில் நிற்கவில்லை.

பாட்டு அறுந்தது. சசிகலா ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுருட்டி ஸ்டாண்டில் மாட்டினாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவள் கோபமாக இருந்திருந்தால் அவன் ஏதாவது பேசியிருப்பான்.

"மீதியையும் அங்கயே பாடிக்கறேங்க," என்றாள்.

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு தர்மன் தொண்டையைச் செருமினார். "எல்லாம் பாத்துக்கினுதான் இருந்தேன். எடைத் தட்டுல வெரல் வெச்சே பாரு, அதுவும் சொந்தச் சரக்குக்கு. நம்ம பரம்பரைல இப்பிடி ஒருத்தன் கெடையாதுடா." ஸ்டூலை எடுத்துக்கொண்டு அவரும் கீழே போனார்.

இரண்டு நாள் கழித்துக் கடத்தூருக்கு அவளைப் பைக்கில் நவநீதனே கூட்டிப் போனான். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றாள். அவன் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன நடக்கிறதோ என்று நினைத்துப் புழுங்குவதைவிட, எதிரிலேயே உட்கார்ந்து புழுங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். வழியில் அவள் ஒருமுறை "கேட் தொறந்திருக்கு" என்றாள், அவன் "ம்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

பிரபாகர் அவனுக்கும் ஒரு ஹெட்போனைக் கொடுத்துப் பக்கத்திலேயே நாற்காலி போட்டான். சசிகலா உள்ளே போனாள். கண் மூடினாள். நவநீதனின் காதில் முதல் தடவையாக அவள் கேட்பதே கேட்டது. வரி போனது, திரும்பி வந்தது, அவள் அதை வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கொடுத்தாள். குறை சொல்ல அவன் எவ்வளவோ தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. திரையில் அந்த அறுபதுகூட இப்போது ஐம்பதாக மாறியிருந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பாட்டு முடிந்ததும் பிரபாகர் பெருமூச்சு விட்டான். நவநீதனுக்கு மட்டும் கேட்கும்படி, திரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஒன்ன நெனச்சா எனக்கு வயிறு எரியும் மாப்ள. நெசமாச் சொல்றேன். எங்க வூட்டுக்காரி வாயத் தொறந்தா தக்காளி என்னா வெலன்னுதான் கேப்பா. நானு ஒரு குரல் கெடைக்காதான்னு தர்மபுரி பூராத் தேடறேன். ஒனக்கு வூட்லயே கெடக்குது."

நவநீதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பல நாளாக அடைத்திருந்த ஏதோ ஒன்று அவனுக்குள் சட்டென்று திறந்துகொண்டது. எந்த மருந்துக்கும் இல்லாத குணம் இதற்கு இருந்தது. யாரைப் பார்த்து வெந்துகொண்டிருந்தானோ அவனே இவனைப் பார்த்து வேகிறான்.

"தங்கச்சி வூட்ல பாடுமா?" என்றான் பிரபாகர்.

"பாடாம?" என்றான் நவநீதன், கால்மேல் கால் போட்டுக்கொண்டு. "காலையில கோலம் போடறப்பவே ஆரம்பிச்சிருவா. கீரை உருவறப்ப பாட்டு, துணி மடிக்கறப்ப பாட்டு. நான் படுத்தா தலமாட்டுல ஒக்காந்து பாட்டு. சில நாளு, போதும் வுடும்மான்னு நானே கையெடுத்துக் கும்புடுவேன்."

பிரபாகரின் முகம் தொங்கிப் போயிற்று. "குடுத்து வெச்சவன்யா நீ," என்றான்.

நவநீதன் சிரித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சசிகலா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் கடைசியாக எப்போது பாடினாள் என்று அவன் நினைத்துப் பார்த்தான். ஒரு நாளும் ஞாபகத்துக்கு வரவில்லை. இப்போது தான் சொன்ன அந்த வீட்டை, கோலம் போடும்போது பாட்டு கேட்கிற வாசலை, தலைமாட்டில் பாட்டைக் கேட்டுக்கொண்டே தூங்கிப் போகிற அந்த ஆளை அவனால் கண்முன்னே நன்றாகப் பார்க்க முடிந்தது. அந்த ஆளின்மேல் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. பிரபாகர்மேல் இருந்ததைவிட, அந்தப் பெட்டியின்மேல் இருந்ததைவிட அதிகமாக.

"அண்ணா, அடுத்தது எடுக்கலாங்களா?" என்று ஹெட்போனில் அவள் குரல் வந்தது.

"எடுக்கலாம்மா," என்றான் பிரபாகர்.